காந்தளும் காட்டுவள்ளியும்

பூத்திருக்கும்போது எந்தக் கொடியையும் யாரும் மாற்றி நினைப்பதில்லை, ஐயா. பூ இல்லாத நாளில்தான் சனங்கள் ஏமாறுகிறார்கள்.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கிற இரண்டில், உங்கள் இடது கைப்பக்கம் இருப்பது காட்டுவள்ளிக் கிழங்கு. தோலெல்லாம் மயிர்போல வேர் ஓடியிருக்கிறது பாருங்கள். நகத்தால் கீறினால் கொழகொழவென்று வரும். மற்றது காந்தள். ஊர்ப்பக்கம் கலப்பைக் கிழங்கு என்பார்கள். கலப்பைபோல இரண்டாகப் பிரிந்து, முனை கூர்ந்து, தோல் வழவழவென்று இருக்கும். கொடியாக நிற்கும்போது இலையே காட்டிக்கொடுத்துவிடும். வள்ளியின் இலை வெற்றிலை மாதிரி. காந்தள் இலை நீண்டுகொண்டே போய், நுனி சுருண்டு, பக்கத்தில் இருக்கிற எதையாவது பிடித்துக்கொள்ளும். பிடித்ததை விடாது. கஷ்டம் என்னவென்றால், எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒரே புதரில் பின்னிக்கொண்டு ஏறுகின்றன. மேலே கொடி இல்லாவிட்டால், அடியைத் தோண்டுகிறவளுக்கு எது எதன் கிழங்கு என்று தெரியாது.

எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் புருஷன் வீரமுத்து உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது, கிழங்கு மாறிப்போய்விட்டது என்று. எங்களோடு வரிசை வீட்டில் குடியிருக்கிற லயத்துச் சனமும் அதையே சொல்கிறதாம். அவர் நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். அதற்காக நடக்காததை நடந்ததாகச் சொல்ல முடியுமா?

முருகையா எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். கொஞ்சம் பின்னாலே போய் ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் தோட்டம் லிங்கி ஆற்றை ஒட்டினது. சண்டைக்கு முந்தி நான் புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்தேன். ரப்பர் மரத்தடியில் லாலாங் புல்லும் மற்ற களையும் மண்டவிடாமல் பிடுங்கிக்கொண்டே போகவேண்டும். எனக்கு அடுத்த நிரை மங்கம்மாவுடையது. என்னைவிட இளையவள், சிரித்த முகம். எது வெறும் களை, எது கறிக்கு ஆகும் என்று பேசிக்கொண்டே இரண்டு பேரும் பிடுங்குவோம். அவளுக்கு வள்ளியம்மா பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவள் நான்தான். அவள் வேலைக்கு வந்தால் பிள்ளையைப் பாதி நேரம் என் இடுப்பில்தான் வைத்திருப்பேன்.

ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் ஏறிப் போனவர்தான், திரும்பவில்லை. ரப்பர்ப் பால் வாங்க ஆளில்லை என்று வேலை நின்றது, அரிசியும் நின்றது. கொல்லையில் நட்ட மரவள்ளி யாருக்குப் போதும்? லயத்துச் சனம் காட்டோரத்தை நம்பித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பெண்கள் கையில் அகப்பட்டதைப் பறித்துவந்து என்னிடம் காட்டுவார்கள். தகரை என்று பேயாவிரையைக் கொண்டுவருவார்கள். தகரைக்கு இலை நுனி மழுங்கியிருக்கும். பேயாவிரைக்குக் கூராக இருக்கும், கசக்கினால் நாறும். கீரைக்கட்டுக்கு நடுவில் ஊமத்தங்கன்று கிடக்கும். நான் உட்கார்ந்து பிரித்து, ஆகாததை எடுத்து எறிவேன். “பஞ்சாலை பாத்தாச்சா?” என்று என் பெயரைச் சொல்லிக் கேட்காமல் எந்த வீட்டிலும் அடுப்பில் சட்டி ஏறாது. அந்தப் பசியில் எங்கள் லயத்தில் எத்தனை பிள்ளைகள் பிழைத்துக் கிடந்தன என்று விசாரித்துப் பாருங்கள். எனக்குப் பிள்ளை இல்லை. மற்றவர்களின் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

ஒரு தடவைதான் தவறியது. கடைசி வீட்டுச் செல்லம் என்னிடம் காட்டாமல் எதையோ தோண்டி வேகவைத்துத் தின்றாள். புருஷன் பெண்சாதி இருவரும் வாயாலும் வயிற்றாலும் போய்க் கிடந்தார்கள். வாந்திபேதி வந்துவிட்டது என்று லயமே நடுங்கியது. மிச்சமிருந்த கிழங்கைக் கூடையில் பார்த்ததுமே காந்தள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சும்மா இருந்தேன். அன்றைக்கு ஒரு சிப்பாய் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியோடு ஆள் எடுக்க வந்தான். செல்லத்தின் வாசலைக் கண்டதும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வந்த வழியே நடந்தான். அந்த வீட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. துப்பாக்கிக்குப் பயப்படாதவன் வாந்திபேதிக்குப் பயப்படுகிறான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். செல்லத்தின் புருஷன் போய்விட்டான். அவள் பிழைத்தாள், ஆனால் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டிவிட்டது.

ஆள் எடுத்தது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதம் வேலை, சோறு உண்டு, துணி உண்டு என்று கிராணி சொன்னார். முதல் லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. இரண்டாவது லாரிக்கு ஆட்களைச் சொன்னபோது என் புருஷன் பெயரும் வந்தது.

நான் அழவில்லை. ஆற்றோரத்துப் புதருக்குப் போனேன். அவருக்குத் தெரியாமல் கிழங்கோடு கிழங்காகக் கொஞ்சம் கலந்து கொடுத்தேன். எவ்வளவு என்பது என் கைக்குத் தெரிந்திருந்தது. அவர் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு, அள்ளிக் கொட்டி, கழுவிவிட்டு எல்லாம் செய்தேன். எந்தப் பெண்சாதியும் அதைவிட நன்றாகப் பார்த்திருக்க முடியாது.

லாரி வந்தது. கிராணி எட்ட நின்று பார்த்தார். மங்கம்மாவின் புருஷன் ஆறுமுகம் எங்கள் வீட்டுக்குள்தான் இருந்தான், என் புருஷனுக்கு விசிறிவிட வந்திருந்தான். “நீ நல்லாத்தான இருக்க, ஏறு” என்றார் கிராணி. அவன் கையில் விசிறியோடு போய் லாரியில் ஏறினான். லயத்தில் ஒருவன் குறைந்தால் அதே லயத்தில் இன்னொருவன் போகவேண்டும். அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.

என் புருஷன் எழுந்து நடமாட ஆரம்பித்தார். பிறகு அவருக்கும் முடி கொட்டியது. ஒருநாள் மங்கம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து என் அடுப்புக்கு எதிரில் நின்றாள்.

“அக்கா, அண்ணனுக்கு முடி கொட்டுதே. செல்லத்துக்குக் கொட்டுன மாதிரியே கொட்டுது.”

“காச்சல்ல விழுந்து எழுந்திரிச்சா கொட்டத்தான் செய்யும்.”

“காச்சல் இல்லக்கா. நானும் ஒங்கூடப் புல்லு வெட்டுனவதான. அந்தச் செவப்புப் பூவ எனக்கும் தெரியும்.”

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

“ஒன்னக் குத்தம் சொல்ல வரல. எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் அவருக்கு அதத்தான் பண்ணியிருப்பேன். இப்பத் தம்பி பேரு அடிபடுது. எனக்குன்னு முருகையா ஒருத்தன்தான் மிச்சம். அவனுக்கும் கொஞ்சம் குடுக்கா. சாகாம, படுக்கப்போடுற அளவுக்கு. கெழங்கு வெவரம் எனக்குத் தெரியாது, ஒனக்குத்தான் தெரியும்.”

சரி என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள்.

அவள் போன பிறகு யோசித்தேன். முருகையா படுத்துவிட்டால் கிராணி அடுத்த வீட்டைப் பார்ப்பார். அடுத்த வீடு எங்களுடையது. என் புருஷன் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கிறார். மறுபடியும் அவரைப் படுக்கவைத்தால் உடம்பு தாங்காது. நீங்கள் குடும்பஸ்தர், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

புதருக்குப் போய்த் தோண்டி, தோல் சீவி, வேகவைத்து, இலையில் மடித்துக் கொண்டுபோய் மங்கம்மாவிடம் கொடுத்தேன். அது காட்டுவள்ளி. அந்த வருஷம் நான் தோண்டியதிலேயே மாவாக வெந்த கிழங்கு. முருகையாவுக்கு நான் அன்றைக்குக் கொடுத்தது நல்ல சாப்பாடு, ஐயா. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

லாரி வந்தபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். எப்போது குமட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான் போல. குமட்டவில்லை. நடிக்கவும் தெரியாதவன். கிராணி அவன் தோளைத் தட்டி எழுப்பினார். அவன் எழுந்து நடந்தான். லாரி ரப்பர் காட்டுக்குள் மறைகிறவரைக்கும் மங்கம்மா அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்து கேட்டாள். “எந்தக் கெழங்கக் குடுத்த?”

“அளவு கம்மியாப் போச்சு போலிருக்கு, மங்கா.”

“நீயா? ஒனக்கா அளவு தப்பும்? இந்த லயமே ஒன் கண்ணத்தான நம்பித் திங்குது.”

அந்த நேரத்திலும் அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்?

அவள் சத்தம் போடவில்லை. “அண்ணன் எப்படித் தப்புச்சின்னு நான் கிராணிகிட்டச் சொல்லப்போறேன். நாளைக்கு இல்லாட்டி நாளான்னைக்கு. ஒடம்புல கொஞ்சம் தெம்பு வரட்டும்” என்றாள். கிராணியிடம் சொன்னால் அது ஜப்பான்காரன் காதுக்குப் போகும். போனால் என்ன நடக்கும் என்பதை ரந்தாவ் கடைத்தெருவில் கம்பத்தில் செருகி வைத்திருந்த தலைகளைப் பார்த்த யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. என் புருஷனைக் காப்பாற்ற நான் பட்டதெல்லாம் வீணாகிவிடும்.

மங்கம்மாவுக்கு நான் எதையும் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் வாங்கியிருக்கமாட்டாள். ஆனால் அவள் சாப்பிட்டாகவேண்டும். தோண்ட வேறு இடமும் கிடையாது, அந்த ஆற்றோரத்துப் புதருக்குத்தான் வருவாள். காந்தளின் பூவும் இலையும் அவளுக்குத் தெரியும், கிழங்குதான் தெரியாது. கிழங்கை எப்போதும் நான்தான் பிரித்துக் கொடுத்துவந்தேன். அவள் போவதற்கு முன்னால் நான் போய், புதரில் ஏறியிருந்த காந்தள் கொடியை மட்டும் பார்த்துப் பார்த்து அறுத்து ஆற்றில் விட்டேன். பிறகு அங்கே வள்ளிக்கொடி மட்டும் நின்றது. அவ்வளவுதான் நான் செய்தது. களை எடுப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

அவள் மண்ணோடு அள்ளிக்கொண்டு வந்தாள். பசித்தவள் உருவம் பார்ப்பாளா? அவள் அடுப்பு மூட்டுவதைப் பார்த்துவிட்டு, வள்ளியம்மாவைக் கூப்பிட்டேன். பிள்ளைக்குச் சண்டை தெரியுமா, தத்தித் தத்தி என்னிடம் வந்துவிட்டாள். மரவள்ளிக் கஞ்சியை வயிறு நிறையக் கொடுத்தேன். என் மடியிலேயே தூங்கிப்போனாள். அது தூங்கிய அழகைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

மங்கம்மா உடனே போகவில்லை, சில நாள் கிடந்தாள். நான்தான் வாயில் தண்ணீர் விட்டேன். கடைசியில் அவளால் பேச முடியவில்லை. பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு போய்க் காட்டும்போதெல்லாம் கையை அசைப்பாள். தூக்கிக்கொண்டு போ என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வாந்திபேதி என்று லயத்துச் சனம் கிட்டவே வரவில்லை. நானும் என் புருஷனும்தான் குழி வெட்டி அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகு வந்தது எனக்கு நல்ல காலம். ஊரெல்லாம் பட்டினி கிடக்கும்போது இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்தப் பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். என் புருஷனுக்கு முடி முளைத்தது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவார். நான் கொடுப்பதைத் தவிர வேறு யார் கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே என்று வள்ளியம்மாவுக்குச் சொல்லி வளர்த்தேன். காலம் அப்படி.

ஜப்பான்காரன் தோற்றான், வெள்ளைக்காரர் நீங்கள் திரும்பி வந்தீர்கள். முருகையாவும் வந்தான், ஆறுமுகம் வரவில்லை.

எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே புண்ணை வாழைநாரால் கட்டிக்கொண்டு, எலும்பாக நின்றான். அக்கா எங்கே என்று கேட்டான். சொன்னேன். தரையில் உட்கார்ந்து அழுதான். வள்ளியம்மா என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

“எங்கக்கா முகமே இருக்கு” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க இல்லாட்டி இந்தப் பிள்ள அன்னிக்கே செத்திருக்கும்க்கா. ஒங்கள மறக்கமாட்டேன்” என்றான்.

என் புருஷன் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு அவன் சிரித்தான்.

“அன்னிக்கு அக்கா குடுத்த கெழங்கத் தின்னுட்டு வாந்தி வரும் வரும்னு பாத்துக்கிட்டே லாரியில போனேன். கெமாஸ்ல ரயில் ஏறுற வரைக்கும் வரும்னு பாத்தேன். ஒண்ணுமே ஆகல. என் வயிறு கல்லு வயிறுன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தக் கல்லு வயிறுதான் சயாம்ல என்னக் காப்பாத்திச்சு.”

அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, ஐயா. அதை நான் உறுதியாகச் சொல்வேன். அவன் வாயை அடைக்கத்தான் செய்தேன் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. அவனுக்குப் பயந்து எதையும் செய்யவேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

அவன் அடுத்ததாகச் சொன்னதுதான் விஷயம். “கெமாஸ்ல எங்க பெரியப்பா மகன் ரயில்ல வேல பாக்குறாரு. அங்கதான் போகப்போறேன். பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேன்க்கா. ஒங்களுக்கு எதுக்குப் பாரம்?”

பாரம் என்ற சொல்லை அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

“இந்தக் காலோட எங்க போவ? ரெண்டு நாள் இருந்து, சாப்பிட்டுத் தெம்பாப் போ” என்றேன். என் புருஷனும், “ஆமா தம்பி, இரு” என்றார்.

ஆற்றோரத்தில் காந்தள் அப்போது நன்றாகப் பூத்திருந்தது. புதர் முழுக்க விளக்கு ஏற்றி வைத்தது மாதிரி இருந்தது. கண் தெரியாதவன்கூடத் தவறமாட்டான். நான் போய்த் தோண்டிக்கொண்டு வந்தேன். வீட்டு ஆட்களுக்கு ஒரு சட்டி, அவனுக்கு ஒரு சட்டி. சயாமில் எதையெதையோ தின்றவன் அவன், ருசி பார்க்கவில்லை. மளமளவென்று தின்றான்.

பாதியில் ஒரு துண்டை எடுத்து, “வாம்மா, மாமா கையால ஒரு வாய் வாங்கிக்க” என்று வள்ளியம்மாவிடம் நீட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, நான் எவ்வளவோ சொல்லி வளர்த்தும், கையை நீட்டி வாங்கிவிட்டாள். வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் நான் தட்டிவிட்டேன். பிள்ளை வீறிட்டு அழுதது. அதுவரை நான் அவளை அடித்ததே இல்லை.

“சூடாருக்கு, பிள்ளைக்கு ஆகாது” என்றேன்.

கிழங்கு ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது. என் புருஷன் கீழே கிடந்த துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் கை தன் தலைக்குப் போய் முடியைத் தடவியது. முருகையா குனிந்து மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தான். என் புருஷன் வாயைத் திறந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், இன்னும் பாதி இலையில் இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து என் கையால் அவர் சாப்பிடுவதில்லை. உங்களிடம் வந்து, கிழங்கு மாறிவிட்டது என்று சொன்னவரும் அவர்தான்.

இப்போது நீங்களும் அதையே கேட்கிறீர்கள். பசிக்கொடுமையில் இரண்டு கிழங்கையும் மாற்றிவிட்டாயா, ஆமாம் என்றால் விட்டுவிடுவோம் என்கிறீர்கள். மாறியிருந்தால் பிள்ளையின் கையிலிருந்து நான் ஏன் தட்டிவிடவேண்டும்? என் புருஷனுக்குக் கொடுத்தது எது, மங்கம்மாவைத் தோண்டவிட்டது எது, முருகையாவுக்கு முதலில் கொடுத்தது எது, பிறகு கொடுத்தது எது, எல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஒன்றுகூட மாறவில்லை. எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. மங்கம்மாவை என் தங்கச்சியாகத்தான் நினைத்திருந்தேன்.

உள்ளபடி சொல்லிவிட்டேன். இனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். வள்ளியம்மாவைச் சிரம்பானில் ஏதோ கன்னிமாடத்தில் விட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அவர்கள் கொடுப்பதை அவள் தின்னமாட்டாள், பட்டினி கிடப்பாள். சீக்கிரம் பாருங்கள், ஐயா. அப்பன் இல்லை, ஆத்தாள் இல்லை, இருந்த ஒரு மாமனும் போய்விட்டான். பாவம், அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?